பால்த்துரையின் பல்

பால்த்துரை சொன்னதை நான் முழுசாக நம்பியதே இல்லை. இத்தனை வருஷமாக அதைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கிறேன், சந்தேகப்பட்டுக்கொண்டே அதற்குக் கட்டுப்பட்டும் இருக்கிறேன். நம்பாத ஒன்றுக்கு ஒரு மனிதன் இவ்வளவு பயப்பட முடியுமா என்றால், முடியும்; ராகு காலத்தை நம்பாதவர்கள் எத்தனை பேர் அது முடியட்டும் என்று செருப்பை மாட்டாமல் வாசலில் நிற்கிறார்கள். மதுரையில் கண் ஆஸ்பத்திரியில் எனக்கு வலது கண்ணில் கருவிழி மாற்றிவைத்தபோது அடுத்த கட்டிலில் இருந்தவர் பால்த்துரை. சாத்தூர்க்காரர், சேவுக்கடை வைத்திருந்தார். அவருக்கு அது இரண்டாவது மாற்றல். முதலில் வைத்தது என்ன ஆயிற்று என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. பிளாஸ்டிக் மூடி ஒட்டிய முகத்தை என் பக்கம் திருப்பி, "மேல்பல்லைப் புடுங்குனேன் அண்ணாச்சி. கண்ணு போச்சு" என்றார். இரண்டே வாக்கியம். நடுவில் ஒரு முற்றுப்புள்ளி. அவர் அதற்குப் பிறகு வெகு நேரம் பேசினார், கடலை எண்ணெய் பற்றி, பேரன் பேத்திகள் பற்றி, ஆனால் எனக்குக் கேட்டது அந்த இரண்டு வாக்கியம்தான். இப்போது அதே மேல்வரிசையில், அதே வலது பக்கத்தில், என் கடைவாய்ப்பல்லின் வேரில் சீழ் கட்டிக் கன்னம் உப்பியிருக்கிறது, நான் சிவகாசியில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் அறையில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் என் மனைவி செண்பகம் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இன்னும் சற்று நேரத்தில் என் பெயரைக் கூப்பிடுவார்கள். எழுந்து உள்ளே போவேனா, படியிறங்கி வீட்டுக்குப் போவேனா என்று எனக்குத் தெரியவில்லை. போன தடவை படியிறங்கினேன். அதற்கு முந்தின தடவையும்.

இடது கண் எனக்குப் பிறவியிலேயே மங்கல். அதில் ஆள் வருவது தெரியும், யார் என்று தெரியாது. ஆக வலது கண்தான் கண். அது நன்றாக இருந்தவரை அப்படி நினைத்ததில்லை, கால் இரண்டு, கை இரண்டு, கண் இரண்டு என்றுதான் இருந்தேன். ஒரு சாயங்காலம் திருத்தங்கல் ரோட்டில் பைக்கில் வரும்போது ஏதோ பூச்சி விழுந்தது, கசக்கினேன், மறுநாளும் கசக்கினேன். புண்ணாகி, புண் ஆறி, ஆறின இடம் வடிகஞ்சி நிறத்தில் தழும்பாக நின்றுவிட்டது. யாரோ இறந்துபோன ஒருவருடைய கருவிழியை அங்கே வைத்துத் தைத்தார்கள். யார் என்று சொல்ல மாட்டார்கள், நானும் கேட்கவில்லை. தைத்த டாக்டர் நிதானமான மனுஷர், "இது வேற ஒருத்தரோடதுன்னு உங்க உடம்புக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா சண்டைக்கு வரும். வராம பாத்துக்கத்தான் இந்தச் சொட்டு" என்றார். அவருக்கு அது தினமும் சொல்கிற பேச்சு. எனக்கோ அன்றிலிருந்து உடம்புக்குள்ளே ஒரு காவல்காரன் குடிவந்துவிட்டான். அவன் தூங்குகிறான். அவன் தூங்கும்வரை எனக்குப் பார்வை. சளி பிடித்தால், காய்ச்சல் வந்தால், எங்கேயாவது வெட்டுப்பட்டால், ஊசி குத்தினால், அவன் புரண்டு படுக்கிறான் என்று தோன்றும். கண்ணை விட்டுவிட்டு வேறெங்கோ நடக்கிற காரியத்துக்காக அவன் எழுந்து, எழுந்ததுதான் எழுந்தோம் என்று சுற்றுமுற்றும் பார்த்து, இந்த ஆள் யார், இவனை இங்கே யார் உட்கார வைத்தது என்று கேட்டுவிட்டால்? பால்த்துரையின் உடம்பில் அப்படித்தான் கேட்டிருப்பான். பல்லைப் பிடுங்குகிற சத்தத்தில் எழுந்திருப்பான். பல்லுக்கும் கண்ணுக்கும் எவ்வளவு தூரம். கன்னத்தில் விரல் வைத்தால் ஒரு விரலுக்கு மேலே இன்னொரு விரல். நான் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், செண்பகம் என் கையைத் தட்டிவிடுகிறாள். "கைய எடுங்க. அமுக்காதீங்கன்னு சொல்லிருக்காகல்ல?" வலிக்கிறது என்று நினைத்துக்கொள்கிறாள். வலிக்கவும்தான் செய்கிறது.

சிவப்பு, கூச்சம், மங்கல், வலி. இந்த நாலில் ஒன்று வந்தாலும் உடனே ஓடி வா என்று சொல்லி அனுப்பினார்கள். காலையில் எழுந்ததும் நான் சாமி கும்பிடுவதற்கு முன்னால் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டருக்கு எதிரில் நின்று, இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, தாளின் அடியில் இருக்கிற ஆகச் சின்ன எழுத்தை வாசிப்பேன். சூலம் தெற்கு, பரிகாரம் தைலம். வாசிக்க முடிந்தால் அன்றைய நாள் எனக்கு உண்டு. காலண்டர் நாங்கள் அடித்ததுதான். அச்சகத்தில் எனக்குப் பிழை திருத்துகிற வேலை. அடுத்த வருஷத்து வியாழக்கிழமைகளையெல்லாம் இந்த வருஷமே வாசித்து முடித்துவிடுகிறவன் நான். ராசிக்கு ஒரு சொல்லாகப் பலன் போடுவார்கள், லாபம், சினம், ஆதரவு, பயணம் என்று. முதலாளியின் மைத்துனர் வெற்றிலையை மென்றுகொண்டே அந்தச் சொற்களை இடம் மாற்றி மாற்றிப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு என் ராசிக்கு அச்சம் என்று இருந்தது. போன வருஷம் அந்தச் சொல்லுக்கு ஒற்று இருக்கிறதா என்று பார்த்துச் சரி போட்டவன் நான்தான். அது வேலையில்லாத ஒரு மத்தியானத்தில் ஒருவர் வெறுமனே போட்ட சொல் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை இன்னொரு தடவை வாசித்தேன். செண்பகம் எட்டிப் பார்த்து, "என்ன போட்ருக்கு?" என்றாள். "ஆதரவு" என்றேன். கண்ணாடி இல்லாமல் அவளால் அதை வாசிக்க முடியாது. எங்கள் வீட்டில் சின்ன எழுத்துக்கு நான்தான்.

நான் பயப்படுவதற்கு நியாயம் இல்லாமல் இல்லை, அதுவும் தெரிய வேண்டும். பல் டாக்டர் நல்ல பிள்ளை, ரிஸ்வானா என்று பெயர், முதல் நாளே என் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "கண்ணுல என்ன சார்?" என்று கேட்டாள். சொன்னேன். வாய்க்குள் விட்டிருந்த கண்ணாடிக் கரண்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, "அப்போ உங்க கண் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க, நானும் பேசுறேன்" என்றாள். மதுரைக்குப் போன் போட்டோம். டாக்டர், "தாராளமா எடுக்கலாம். பல்லுல சீழை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறதுதான் கெடுதல். சொட்டு மட்டும் நிறுத்திராதீங்க. கண்ணு செவந்தா உடனே வந்துருங்க" என்றார். இதற்கு மேல் என்ன வேண்டும்? இரண்டு டாக்டர்கள் எடு என்கிறார்கள். சேவுக்கடைக்காரர் ஒருவர் எடுத்தேன், போச்சு என்கிறார். ஆனால் டாக்டர்கள் சொல்வது நடக்கப்போவதை, அவர் சொல்வது நடந்ததை. நடந்ததுக்கு எதிரில் நடக்கப்போவது எப்போதும் கொஞ்சம் இளைத்துத்தான் நிற்கிறது. ஊரும் அவர் பக்கம் இருக்கிறது. மேல்பல்லைப் பிடுங்கினால் பார்வை போகும், கண் நரம்பும் பல் நரம்பும் ஒன்று என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறேன். என் அப்பா மேல்பல் ஆடி ஆடித் தானாக விழும்வரை ஒரு பக்கமாகவே சாப்பிட்டார். ரிஸ்வானாவிடம் இதைச் சொன்னபோது சிரித்தாள். "சார், அப்படிப் பாத்தா எங்கிட்ட வந்துட்டுப் போனவங்க பாதிப் பேரு தடவித் தடவித்தான் படி எறங்கணும்." நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, அவர்களுக்கெல்லாம் அவர்களுடைய சொந்தக் கண் என்று நினைத்துக்கொண்டேன். இரவல் கண்ணுக்கு அந்தக் கணக்குப் பொருந்துமா? ஊசி. அந்த ஊசியை ஈறுக்குள்ளே மேலே பார்த்து ஏற்றுவார்கள். மேலே என்றால் எதைப் பார்த்து? மரத்துப்போகிற மருந்து கன்னத்தோடு நிற்குமா, எது வரை ஏறும் என்று அதற்கு யார் சொல்லி வைத்திருக்கிறார்கள்? பிறகு அந்த விளக்கு, முகத்துக்கு நேரே. பிறகு தண்ணீர் தெறிக்கும். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள், கண்ணை மூடிக்கொள்ளலாம், மேலே கண்ணாடி போட்டுவிடுவேன், துணி போட்டுவிடுவேன். ஒவ்வொரு பதிலும் சரியாக இருந்தது. சரியான பதில்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பயந்துகொண்டிருந்தேன்.

உள்ளே ஏதோ மிஷின் சுற்றுகிற சத்தம் கேட்கிறது. நிற்கிறது. மறுபடி சுற்றுகிறது. இந்த வருஷங்களில் நான் எதற்கெல்லாம் பயந்தேன். தலைக்குக் குளிக்கும்போது சீயக்காய்க்கு. தாளிக்கும்போது அடுப்படிக்கு. தீபாவளி வந்தால் இந்த ஊரில் எங்கே போய் ஒளிவது என்று. பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவன் கம்பியைப் பிடிக்கக் கை தூக்கினால் அவன் முழங்கைக்கு. தடுப்பூசி போட வேண்டும் என்று எல்லோரும் வரிசையில் நின்றபோது நான் வரிசையின் கடைசிக்குப் போய்ப் போய் நின்றேன்; மதுரையில் கேட்டதற்கு, போட்டுக்கொள்ளுங்கள், அதையொட்டிக் கொஞ்ச நாள் சொட்டைக் கூட்டி விட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள், போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பது ஏன் எனக்குத் தைரியமாகச் சேரவில்லை? நூறு தடவை ஒன்றும் ஆகாமல் போனாலும் ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் கழிகிறது. மருந்துக்கடை ராஜாமணி என்னைப் பார்த்ததும், "வாங்க சார், தலைவலி மாத்திரைதான, கண்ணுக்கு ஒத்துக்குமான்னு கேக்கப் போறீங்க, ஒத்துக்கும், அடுத்த ஆள்" என்பான். ஒரு நாள் காலையில் காலண்டர் எழுத்து நிஜமாகவே மங்கியது. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, மதுரைக்கு நின்றுகொண்டே போய், தாடையை வைத்து நெற்றியை முட்டி அந்த மிஷினில் பார்த்தால், கண் காய்ந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. திரும்பி வரும்போது திருமங்கலம் தாண்டியதும் அழுதேன், அழுதால் கண்ணுக்கு என்ன ஆகுமோ என்று நிறுத்திக்கொண்டேன். இத்தனைக்கும் நடுவில் இந்தப் பல். முதலில் பல்லில் ஓட்டைதான் இருந்தது. அப்போதே அடைத்திருக்கலாம். அடைப்பதற்கு வாயைத் திறந்தால் பிடுங்கு என்று சொல்லிவிடுவார்களோ என்று வாயைத் திறக்கவில்லை. கிராம்பு வைத்தேன். உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். இடது பக்கமாக மென்றேன், அப்பாவைப் போல. இப்போது சீழ். கண்ணுக்குப் பயந்து பல்லை எடுக்காமல் இருந்ததில், அந்தப் பல்லே கண்ணுக்குக் கீழே ஒரு கொள்ளிக்கட்டையை வைத்துவிட்டது. எடுத்தாலும் பயம், எடுக்காவிட்டாலும் பயம் என்றால் ஒரு பயம் இன்னொரு பயத்தைச் சமன்செய்து மனசு காலியாக வேண்டுமல்லவா, ஆகவில்லை, இரண்டும் கூடிக்கொண்டுதான் போகின்றன.

சந்தேகம் எப்போது தொடங்கியது? தொழில் புத்தி என்றுதான் நினைக்கிறேன். பிழை திருத்துகிறவனுக்கு எழுத்துப்பிழை பெரிய காரியமே இல்லை, அது கண்ணில் தானாக வந்து இடிக்கும். கஷ்டம், விடுபட்டது. இல்லாத சொல்லைக் கண்டுபிடிப்பது. வாக்கியம் ஒழுங்காக ஓடும், இலக்கணம் சுத்தமாக இருக்கும், ஆனால் டைப் அடித்தவன் நடுவில் ஒரு வரியைத் தாண்டிப் போயிருப்பான். மூலத்தில் இரண்டு வரிகள் ஒரே சொல்லில் முடிந்திருக்கும், கண் வழுக்கி அடுத்ததற்குப் போயிருக்கும். அந்த இடத்தில் ஒரு குறி போட்டு ஓரத்தில், விடுபட்டது என்பதற்கு, வி.ப. என்று எழுதுவேன். மேல்பல்லைப் புடுங்குனேன். கண்ணு போச்சு. இந்த இரண்டுக்கும் நடுவில் வி.ப. என்று என் மனசு எத்தனையோ தடவை எழுதியிருக்கிறது. பல் எடுத்த அன்றேயா போயிற்று? மறுநாளா? கண் சிவந்ததா, சிவந்ததும் மதுரைக்குப் போனாரா, பொறுத்துப் பார்த்தாரா? கேட்க எனக்கு எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் அவரோடு போனில் பேசிக்கொண்டுதான் இருந்தேன், பொங்கலுக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு ஒரு தடவை, பிறகு அது தேய்ந்துபோயிற்று. ஒரு தடவையும் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஏதாவது சொல்வார், சொன்னால் அது உறுதியாகிவிடும். சந்தேகமாகவே வைத்துக்கொண்டால் பயத்துக்கு நடுவில் கொஞ்சம் காற்று வரும் என்று இருந்திருக்கிறேன்.

எதிர் வரிசையில் இரண்டு பெண்கள். ஒருத்திக்குத் தாடையில் துண்டு கட்டியிருக்கிறது, மற்றவள் துணைக்கு வந்தவள், நாத்தனாராக இருக்கும். துண்டு கட்டியவள் வாயைத் திறக்காமலே பேசுகிறாள். "மாத்திர தின்னு ரெண்டு நாளாச்சு மதினி, ஒரு மாத்தமும் இல்ல." மதினி கேட்கிறாள், "நீ என்ன ஆக்கித் தின்ன?" "என்னத்தத் திங்க. நேத்து கொஞ்சம் அகத்திக்கீர." "அடிப்பாவி! மருந்து தின்கையில யாராச்சும் அகத்தியத் தொடுவாளா? அம்புட்டையும் முறிச்சிருக்கும். டாக்டர் என்ன செய்வாக, பாவம்." செண்பகத்துக்கு இந்த மாதிரிப் பேச்சு கிடைத்தால் போதும். "எங்க வீட்ல இவருக்குக் கண்ணு ஆபரேசன் ஆனதுலருந்து அகத்தியே வாங்குறதில்லக்கா" என்றாள். "கீரைய விடுங்க, மருந்துக்கு மருந்தே ஆகாதுல்ல? இப்ப பல்லுக்கு மாத்திர குடுத்திருக்காக. கண்ணுக்கும் சொட்டு இருக்கு. ரெண்டையும் ஒண்ணா விட்டா ஒண்ண ஒண்ணு முறிச்சிரும்னு நான் மாத்திரையக் குடுத்து, நல்லா எறங்குனப்புறந்தான் சொட்டு விடுறது." அவள் பக்கம் திரும்பினேன். "எந்த வேளையாவது விடாம இருந்தியா?" "என்னத்த?" "சொட்டு. மாத்திரை குடுத்தேன்னுட்டு எந்த வேளையாவது விடாம இருந்தியா?" "ஏன் இப்படி முழிக்கீங்க? சாமி சத்தியமா இல்ல. தள்ளித்தான் விடுவேன், விடாம எல்லாம் இல்ல." துண்டு கட்டியவள், "தள்ளி விட்டா போதும்க்கா. எங்க மாமா எல்லாம் ஒண்ண முடிச்சிட்டுத்தான் இன்னொண்ணத் தொடுவாரு. கெட்டிக்காரரு" என்றாள். செண்பகம் சத்தியமாகச் சொல்கிறாள், அவள் பொய் சொல்கிறவள் இல்லை. காலையில் கண்ணில் விட்ட சொட்டு தொண்டைக்கு இறங்கிக் கசந்ததே, கசந்தது இன்று காலையா நேற்றா? இன்று காலைதான். அச்சம் என்று வாசித்த பிறகு. சரி. ஆனால் மனசு அடங்கவில்லை. ஒன்றை முடித்துவிட்டுத்தான் இன்னொன்றைத் தொடுவார். சொட்டு மட்டும் நிறுத்திராதீங்க. ஏன் அதைச் சொன்னார் மதுரை டாக்டர்? நான் நிறுத்துவேன் என்று அவருக்கு யார் சொன்னது? யாரும் சொல்லியிருக்க வேண்டாம், எங்களைப் பற்றித் தெரிந்திருக்கிறது, எத்தனை பேரைப் பார்த்திருப்பார், மருந்து மருந்தை முறிக்கும் என்று நம்புகிற எத்தனை பேரை. அப்போது அது வந்தது, தேடாமலே வந்தது. வார்டு. மாத்திரைத் தட்டோடு நர்ஸ். அடுத்த கட்டிலில் பால்த்துரை கையைத் தடுப்பாக நீட்டிக்கொண்டு, "சொட்டு இப்ப வேண்டாம் சிஸ்டர், இப்பதான் காச்ச மாத்திரை முழுங்கிருக்கேன், அது தன் வேலையப் பாக்கட்டும்" என்கிறார். நர்ஸ், "பெரியவரே, கண்ணத் தொறங்க, வெளையாடாதீங்க" என்று இமையைத் தூக்கி விட்டுவிட்டுப் போகிறாள். போன பிறகு என்னைப் பார்த்துச் சொல்கிறார், நான் அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தேன், சிரித்தது இப்போது நன்றாக நினைவு வருகிறது: "ஒரு ஒறையில ரெண்டு கத்தியா அண்ணாச்சி?"

எழுந்துவிட்டேன். "எங்க?" என்றாள் செண்பகம், குரலிலேயே என் கையைப் பிடித்தாள். "படிக்குத்தான். ஒரு போன்." "போன தடவையும் போன்னுதான் போனீங்க." "பைய நீ வச்சிக்க. பை இல்லாம எங்க போவேன்?" அவள் நம்பவில்லை, இருந்தும் விட்டாள். படியில் தெருவின் வெயில் கூசியது. கூச்சம், நாலில் ஒன்று. இல்லை, இது வெயில், எல்லோருக்கும் கூசும். எண் இன்னும் இருந்தது, சாத்தூர் சேவு என்று பதிந்து வைத்திருந்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். எடுத்தார். "யாரு?" "சிவகாசி தனுஷ்கோடி பேசுறேன் அண்ணாச்சி. ஆஸ்பத்திரில பக்கத்துக் கட்டில்." "அட, காலண்டர் அண்ணாச்சி! இருக்கீங்களா? போய்ச் சேந்துட்டீங்கன்னுல்லா நான் நெனச்சேன்." "இருக்கேன்." "கண்ணு?" "இருக்கு." "அது போதும். நமக்கு ரெண்டாவது மாத்தலும் மங்கிட்டு அண்ணாச்சி. கல்லாவுல உக்காந்திருக்கேன். வாறவன் கொரலெடுத்தாதான் ஆளு தெரியும். கொரல் குடுக்காம ஒருத்தன் சேவை அள்ளித் தின்னுட்டுப் போறான், மருமக வெரட்டுதா." சிரித்தார். பழைய சிரிப்புத்தான். பின்னால் எண்ணெய் கொதிக்கிற சத்தமும் கரண்டி உரசுகிற சத்தமும் கேட்டன. பல் வலி, பிடுங்க வந்திருக்கிறேன் என்று சொன்னேன். சிரிப்பு நின்றது. "மேல்பல்லா?" "மேல்பல்தான்." "அண்ணாச்சி, வேண்டாம். தம்பியா நெனச்சிச் சொல்லுதேன், வேண்டாம். வலிச்சா வலிச்சிட்டுப் போகுது. நான் ஒருத்தன் புடுங்கி உக்காந்திருக்கது போதாதா? நான் கண்ணுக்கு ஒரு கொறையும் வைக்கல அண்ணாச்சி. எம்புட்டுப் பக்குவமா பாத்தேன்? பொகையில நிக்கல, அடுப்புக்கிட்டப் போகல, கனத்த தூக்கல. அந்தப் பல்லு ஒண்ணுதான். கர்த்தர் அந்தப் பல்லு வழியா எடுத்துட்டாரு, சரி, நம்ம கையில என்ன இருக்கு?"

நம்ம கையில என்ன இருக்கு. படியின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் அவர் அந்த வாக்கியத்தோடு உட்கார்ந்திருக்கிறார், இப்போது இருட்டில், கல்லாவில், எண்ணெய் வாசனையில். பல் எடுத்தது, போயிற்று, தன் கையில் ஒன்றும் இல்லை. அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் நான் நினைக்கிற சொல் நிஜமாகவே விடுபட்டிருந்தால், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன் நானாக இருப்பேன். மாத்திரை முடியட்டும் என்று சொட்டை நிறுத்தி வைத்தவர், பக்குவம் என்று நினைத்து, கண்ணுக்கு நல்லது என்றே நினைத்து, தன் கையாலேயே, என்று அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் அவர் கல்லாவில் உட்கார வேண்டும், குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவேளை அவருக்கு ஏற்கனவே தெரியுமோ? மதுரையில் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்களா? கேட்டிருப்பார்கள், அவர் ஒழுங்காக விட்டேன் என்று சொல்லியிருப்பார், சொல்லிச் சொல்லி அதுவே நடந்ததாகியிருக்கும். அல்லது நிஜமாகவே ஒழுங்காக விட்டிருப்பார். அதுவும் இருக்கிறதே. ஒரு வேளைகூடத் தவறாமல் சொட்டு விட்டும் கண் போயிருந்தால், என் காவல்காரன் நிஜம், இதே படியில் இறங்கிவிட வேண்டியதுதான், சீழோடு, எவ்வளவு நாளைக்கோ. நான் இந்த மனிதருடைய கண் போனதற்கு அவரே காரணமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கேட்காமலே உள்ளே போகலாம், இரண்டு டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள், அவர்களுடைய சொல் போதும் என்று போகலாம், அப்படிப் போகிற ஆள் ஒருவன் எனக்குள்ளே இருந்திருந்தால் போன தடவையே போயிருப்பான். "அண்ணாச்சி, லைன்ல இருக்கீங்களா?" என்றார் பால்த்துரை. கதவு திறந்து செண்பகத்தின் குரல் கேட்டது: "என்னங்க, கூப்பிடுறாக. வாறீங்களா இல்லையா?" அவள் படிக்கு வந்து எனக்கும் தெருவுக்கும் நடுவில் நின்றாள். எண்ணெய் இரைகிறது, அவர் மூச்சு விடுவது கேட்கிறது. என் நாக்கு வீங்கின ஈறில் இடித்துக்கொண்டிருந்தது. கேட்டேன், நான் நினைத்ததைவிடச் சின்னக் குரலில்: "அண்ணாச்சி, அந்தப் பல்லுக்கு மாத்திரை தின்ன நாள்ல, கண்ணுக்குச் சொட்டு விட்டீங்களா?"